பம்பர் மட்டும் மடங்கிய பிக்கப் வண்டி: வாசகர் கடிதத்துக்கு ஒரு பதில்

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த தங்கள் பிக்கப் வண்டியின் பின்புறத்தில் ஒரு சிறிய கார் வந்து மோதியதையும், காரின் முன்பகுதி நொறுங்கி அதை இழுத்துச் செல்ல வேண்டியிருந்ததையும், தங்கள் வண்டியில் பின் பம்பரின் இடது மூலை மடங்கியதும் இடது பின்விளக்கு உடைந்ததும் தவிர வேறு சேதம் கண்ணில் படவில்லை என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். பம்பரை நிமிர்த்தி விளக்கை மாற்றினால் போதுமா என்றும், இந்த விபத்தைப் பார்த்த தங்கள் தம்பி தன் குடும்பக் காரை விற்றுவிட்டுப் பழைய பிக்கப் ஒன்றை வாங்க நினைப்பது சரியா என்றும், பின்னால் பொருத்தியிருந்த இழுவைக் கொக்கி அந்தக் காரின் ரேடியேட்டரைத் துளைத்தது தங்கள் தவறா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் நடுவே, பெரிதாக எண்ணாமல், மூன்று செய்திகளையும் எழுதியிருக்கிறீர்கள். விபத்துக்குப் பிறகு கேபினுக்கும் சுமை ஏற்றும் பின்பாடிக்கும் இடையிலான சந்து இடப்பக்கத்தில் சற்றுக் குறைந்தது போலத் தோன்றுகிறது. நேரான சாலையில் ஸ்டீயரிங் வளையம் லேசாக இடப்பக்கம் திரும்பியே நிற்கிறது. தங்கள் கழுத்து இரண்டு நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மோதலுக்கு உள்ளான வாகனங்களை ஆய்ந்து சேதத்தை மதிப்பிடுவதே என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தங்கள் கேள்விகளைவிட இந்த மூன்று செய்திகளே எனக்கு அதிகக் கவலையைத் தருகின்றன.

முதலில் கழுத்து. நான் மருத்துவன் அல்லன். ஆனால் பின்னாலிருந்து மோதப்பட்ட வண்டியில் இருந்தவர்களுக்குக் கழுத்து வலி மோதிய நொடியில் தெரியாமல் பல மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தலைகாட்டும் என்பதைத் தொழிலில் பலமுறை கண்டிருக்கிறேன். இருக்கை முதுகை முன்னால் தள்ளும்போது தலை மட்டும் ஒரு கணம் பின்தங்கிவிடுவதால் கழுத்தின் தசைகளும் தசைநார்களும் இழுபடுகின்றன. தயவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள். கை மரத்துப் போதல், விரல்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, கடுமையான தலைவலி, வாந்தி, தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். அப்படியே தங்கள் இருக்கையின் தலைதாங்கி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதன் மேல்விளிம்பு தலையின் உச்சிக்கு இணையாகவும், தலைக்கும் அதற்கும் இடையிலான வெளி மிகக் குறைவாகவும் இருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது கீழே இறக்கிவிடப்பட்டபடியேதான் கிடக்கிறது.

அன்று பின்னிருக்கையில் தங்கள் மகள் குழந்தை இருக்கையில் அமர்ந்திருந்ததாகவும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். படித்து நிம்மதி அடைந்தேன். ஆனால் அந்தக் குழந்தை இருக்கையைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இதற்கு ஐந்து நிபந்தனைகளைச் சொல்கிறது. வண்டி விபத்து நடந்த இடத்திலிருந்து தானே ஓடி வந்திருக்க வேண்டும். குழந்தை இருக்கைக்கு அருகிலுள்ள கதவு சேதப்பட்டிருக்கக் கூடாது. வண்டியில் இருந்த எவருக்கும் காயம் ஏற்பட்டிருக்கக் கூடாது. ஏர்பேக் விரிந்திருக்கக் கூடாது. குழந்தை இருக்கையில் கண்ணுக்குத் தெரியும் சேதம் இருக்கக் கூடாது. ஐந்தும் பொருந்தினால்தான் அது சிறிய மோதலாகக் கருதப்பட்டு அதே இருக்கையைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். தங்கள் கழுத்து வலி ஒன்றே மூன்றாவது நிபந்தனையை மீறிவிடுகிறது. அந்த இருக்கையை மாற்றிவிடுங்கள் என்றே சொல்வேன்.

இனி வண்டிக்கு வருகிறேன். கார் நொறுங்கியது, பிக்கப் நொறுங்கவில்லை, ஆகவே பிக்கப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தங்கள் உறவினர்கள் சொன்னது இயல்பான பேச்சுதான். ஆனால் அந்த மோதலில் நடந்ததைக் கணக்கிட்டுப் பார்த்தால் வேறு விதமாகத் தெரியும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, தங்கள் வண்டி சுமையுடன் 2,000 கிலோ என்றும், கார் 1,000 கிலோ என்றும், அது மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது என்றும், மோதியபின் இரண்டும் ஒட்டிக்கொண்டு நகர்ந்தன என்றும் வைத்துக்கொள்வோம். உந்தம், அதாவது எடையையும் வேகத்தையும் பெருக்கிய அளவு, மொத்தத்தில் மாறாது என்பதால் இரண்டும் சேர்ந்து மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். காரின் வேகம் 30 குறைந்தது. தங்கள் வண்டியின் வேகம் 15 கூடியது. எடை இரு மடங்கு என்பதால் அதிர்ச்சி பாதியாயிற்று. இந்த அளவுக்குக் கனமான வண்டி தங்களுக்கு உதவியது உண்மை.

ஆனால் ஆற்றல் கணக்கு அதோடு முடிவதில்லை. காரிடம் மோதுவதற்கு முன் ஏறத்தாழ 78 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருந்தது. மோதிய பின் இரண்டும் சேர்ந்து நகர்ந்தபோது எஞ்சியது 26 மட்டுமே. மீதி 52 கிலோஜூலும் உலோகத்தை மடக்குவதிலும் நசுக்குவதிலும் செலவாகிவிட்டது. அந்த நசுங்கல் இரண்டு வண்டிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. எது முதலில் மடங்குகிறதோ அதுவே பெரும்பகுதியை வாங்கிக்கொள்கிறது. சிறிய காரின் முன்பகுதி மடங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பேலா பாரெனி 1951-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருத்து இது: பயணிகள் அமரும் கூடு உறுதியாக இருக்க வேண்டும், முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் திட்டமிட்டபடி மடங்க வேண்டும். 1959-இல் அந்நிறுவனத்தின் கார் ஒன்றில் அது நடைமுறைக்கு வந்தது. இன்று ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் உள்ளது. ஆகவே அந்தக் கார் நொறுங்கியதை அதன் பலவீனமாக எண்ண வேண்டாம். அதன் ஓட்டுநர் எழுந்து நடந்து வந்ததற்கும், தங்கள் பம்பர் ஒரு மூலையோடு தப்பியதற்கும் அந்த மடங்கலே முக்கியக் காரணம். அதே வேகத்தில் பின்னால் வந்தது சுமை ஏற்றிய லாரியாக இருந்திருந்தால், மடங்கும் வேலையைத் தங்கள் வண்டிதான் செய்திருக்கும்.

இப்போது பிக்கப்பின் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தங்கள் முதல் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அடித்தளமும் சுவர்களும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே கூடு. ஹோண்டா ரிட்ஜ்லைன் போன்ற சில பிக்கப்களும் அந்த வகையே. மற்றபடி பிக்கப் என்றால் பெரும்பாலும் ஏணிச் சேசிஸ்தான்: இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், அதன்மேல் ரப்பர் தாங்கிகளில் போல்ட் போட்டு உட்கார வைத்த கேபின், அதற்குப் பின்னால் தனியாகப் பொருத்திய பின்பாடி. கேபினும் பின்பாடியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே விரலிடைச் சந்து ஒன்று விட்டிருப்பார்கள்.

இந்த அமைப்பில் பின் பம்பர் பெரும்பாலும் தாங்கிகள் வழியாக நேரே நீளச் சட்டங்களில் போல்ட் போடப்பட்டிருக்கும். கார்களில் பம்பருக்குப் பின்னால் இருக்கும், மோதலில் நசுங்கி விசையை வாங்கிக்கொள்ளும் மடங்கு பெட்டி பல பிக்கப்களில் பின்பக்கம் இருப்பதில்லை. ஆகவே பம்பர் அதிகம் மடங்கவில்லை என்றால் விசை அங்கே நின்றுவிட்டது என்று பொருள் கொள்ள முடியாது. அது பம்பரைக் கடந்து சட்டத்துக்குள் போயிருக்கவும் கூடும். தங்கள் வண்டியில் இழுவைக் கொக்கியும் இருந்ததால் இந்த ஐயம் இன்னும் வலுக்கிறது. இழுவைக் கொக்கியின் தாங்கி இரண்டு நீளச் சட்டங்களிலும் இறுக்கப்பட்ட கனத்த எஃகு. டன் கணக்கான சுமையை இழுக்கவே செய்யப்பட்டது. அது பம்பரைவிடப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் மோத வருவதை முதலில் சந்திப்பதும் அதுதான். தான் மடங்காமல், வாங்கிய விசையை முழுவதுமாகச் சேசிஸுக்குக் கடத்திவிடும். பம்பரில் கீறல்கூட இல்லாமல் சட்டம் வளைந்த வண்டிகளை நான் பார்த்ததுண்டு. அவற்றில் பலவற்றில் கொக்கி இருந்தது.

ஏணிச் சேசிஸ் சேதப்படும் விதங்களைத் தொழிலில் ஐந்தாகப் பிரிப்பார்கள். சட்டங்கள் பக்கவாட்டில் வளைவது, மேலோ கீழோ தொய்வது, நீளவாக்கில் நசுங்கிக் குறுகுவது, ஒரு சட்டம் மற்றதைவிட முன்னேறிச் செவ்வகம் சாய்சதுரமாவது, ஒரு மூலை உயர்ந்து எதிர்மூலை தாழ முறுக்கிக்கொள்வது. ஒரே மோதலில் இரண்டு மூன்று விதங்கள் சேர்ந்தும் வரலாம். தங்கள் வண்டியில் கார் சற்றே இடப்பக்கமாக மோதியிருக்கிறது. இடப்பக்கச் சந்து குறைந்ததாகத் தோன்றுகிறது. இதற்கு எளிய விளக்கமும் உண்டு: பின்பாடியின் போல்ட்டுகள் துளைக்குள் நழுவி, பாடி மட்டும் இடப்பக்கத்தில் சில மில்லிமீட்டர் முன்னே வந்திருக்கலாம். அப்படியானால் போல்ட்டுகளைத் தளர்த்திப் பாடியைச் சரியாக உட்கார வைத்து, புதிய போல்ட்டுகளைக் குறிப்பிட்ட முறுக்கு அளவில் இறுக்கினால் முடிந்தது. ஆனால் இடச் சட்டத்தின் பின்பகுதி நசுங்கிக் குறுகியிருந்தாலும், சேசிஸின் வால்பகுதி இடப்பக்கமாக வளைந்திருந்தாலும் சந்து இதே போலத்தான் குறையும். வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்ல இயலாது, அளக்கத்தான் வேண்டும்.

சந்தை நான்கு இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: இடது மேல், இடது கீழ், வலது மேல், வலது கீழ். மேலும் கீழும் சமமாக இருந்து இடமும் வலமும் மட்டும் வேறுபட்டால், ஒன்று பாடி நழுவியிருக்கிறது அல்லது சட்டம் பக்கவாட்டில் போயிருக்கிறது. மேலே குறைந்து கீழே அதிகமாக இருந்தால் நிலைமை வேறு. பின் அச்சுக்கு மேலாக வளைந்து செல்லும் இடத்தில் சட்டம் செங்குத்தாக மடங்கியிருக்க வாய்ப்புண்டு. அந்த வளைவுதான் பின்மோதலில் முதலில் விட்டுக்கொடுக்கும் இடம்.

அடுத்து, சுமையை இறக்கி, நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்து, முன்சக்கரங்களை நேராக வைத்து, சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். இடப்பக்கம் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை உள்ள தூரத்தையும், வலப்பக்கம் அதே தூரத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். பிறகு தூக்குக்குண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சட்டங்களிலும் நேருக்கு நேராக உள்ள துளைகளில் முன்னால் ஒரு சோடி, பின்னால் ஒரு சோடியைத் தேர்ந்து, ஒவ்வொரு துளையின் மையத்திலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். வண்டியை நகர்த்திவிட்டு, அந்த நான்கு குறிகளுக்கும் இடையே குறுக்கே இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கலாம். சேசிஸ் நேராக இருந்தால் இரண்டும் சமமாக வரும். பட்டறைகளில் இப்போது கணினி அளவைக் கருவிகள் வந்துவிட்டன என்றாலும் அவை செய்வதும் அடிப்படையில் இதைத்தான். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் இடையே சில மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் பட்டறைக்குப் போகாமல் விடாதீர்கள். தங்கள் அளவு இறுதித் தீர்ப்பு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில சேசிஸ்களில் எதிரெதிர்த் துளைகளே சமச்சீராக இருப்பதில்லை. தயாரிப்பாளரின் அளவுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முடிவான சோதனை.

ஸ்டீயரிங் வளையம் திரும்பி நிற்பதைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் வாங்கிய அடிக்கு முன்னால் ஏன் கோளாறு என்று தாங்கள் வியந்திருக்கலாம். கோளாறு முன்னால் இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பிக்கப்களில் பின் அச்சு ஸ்பிரிங் பட்டைகளோடு யூ போல்ட்டுகளால் கட்டப்பட்டிருக்கிறது. அது முன்பின் நகராமல் பிடித்துக்கொள்வது பட்டைகளின் நடுவே செல்லும் சென்டர் போல்ட்டின் தலை. தாங்கள் பிரேக்கை மிதித்தபடி நின்றிருந்தீர்கள். பின்னாலிருந்து அடி விழுந்தபோது சேசிஸ் முன்னால் தள்ளப்பட்டது. பிரேக் பிடித்த சக்கரங்கள் தரையைப் பற்றிக்கொண்டு நின்றன. அந்த இழுபறியில் சென்டர் போல்ட் அறுந்து, அச்சின் ஒரு பக்கம் பட்டைமேல் நழுவியிருக்கலாம். அச்சு சில மில்லிமீட்டர் கோணலானாலே பின்சக்கரங்கள் வண்டியை நேராகத் தள்ளாமல் ஒரு பக்கமாகத் தள்ளும். அதை ஈடுகட்ட ஓட்டுநர் தம்மை அறியாமலேயே ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பிப் பிடித்திருப்பார். வண்டி நேர்ச்சாலையில் நண்டு போல லேசாகச் சரிந்தபடி போகும். தரையில் தண்ணீர் தெளித்து அதன்மேல் நேராக ஓட்டி, காய்ந்த தரையில் பதியும் ஈரத் தடங்களைப் பாருங்கள். பின்தடங்கள் முன்தடங்களுக்கு நடுவாக அமையாமல் ஒரு பக்கம் தள்ளி விழுந்தால் அச்சோ சேசிஸோ இடம் மாறியிருக்கிறது.

இந்த நிலையில் சாதாரண அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைத் திருத்தும் வேலை, செய்து ஸ்டீயரிங் வளையத்தை மட்டும் நேராக்கிக் கொடுத்துவிடுவார்கள். அது நோயை மறைப்பதாகும். இப்படிக் கோணலான பின் அச்சுக்கு ஏற்ப முன்சக்கரங்களைத் திருத்தினால் ஸ்டீயரிங் நேராகத் தெரியும். ஆனால் வண்டி சரிந்தபடியேதான் ஓடும், ஈரச்சாலையில் அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கும். அலைன்மென்ட் செய்யும் இடத்தில் பின் அச்சு தள்ளும் திசையின் கோணத்தையும் அளந்து, அச்சிட்ட தாளில் தரும்படி கேளுங்கள். அந்தத் தாள் பிறகு இழப்பீட்டுக்கும் பயன்படும். சந்துக் குறைவும் ஸ்டீயரிங் விலகலும் ஒரே பக்கத்தைச் சுட்டுவதால், இரண்டையும் ஒரே மோதலின் இரண்டு அடையாளங்களாகக் கொண்டே ஆய்வைத் தொடங்கும்படி பட்டறையாரிடம் சொல்லுங்கள்.

வண்டியைத் தூக்கியதும் கீழே பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. இழுவைக் கொக்கித் தாங்கியின் போல்ட் துளைகள் நீள்வட்டமாகியிருக்கின்றனவா என்பதே முதல் பார்வை. வட்டமான துளை நீண்டிருந்தால் அந்த இடத்தில் பெருவிசை கடந்து சென்றிருக்கிறது. சட்டத்தின் பக்கங்களில் பெயின்ட் உரிந்து அலை அலையாகத் தெரிகிறதா, பற்றவைத்த இடங்களுக்கு அருகே மயிரிழை போன்ற கோடு ஓடுகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஐயமான இடத்தில் ஊடுருவும் சாயம் தடவிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் செந்நிறக் கோடாக வெளிப்படும். ஸ்டெப்னி பெரும்பாலான பிக்கப்களில் பின்பாடியின் அடியில் தொங்குவதால், அது முன்னால் தள்ளப்பட்டு அச்சிலோ பிரேக் குழாயிலோ இடித்திருக்கிறதா என்பதையும், எரிபொருள் தொட்டியின் பட்டைகள், சட்டத்தை ஒட்டிச் செல்லும் பிரேக் குழாய்கள், எரிபொருள் குழாய்கள் ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது. இன்ஜினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் ஜாயின்ட் ஷாஃப்ட்டின் நடு பேரிங் இடம் மாறியிருந்தால், குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஓர் அதிர்வு வரும். கேபினுக்குள் முன்னிருக்கைகளின் முதுகுப் பகுதி பின்னால் சாய்ந்து வளைந்திருக்கிறதா, இருக்கைப் பட்டை தடையின்றி வெளிவந்து சுருள்கிறதா, ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். பின்மோதலில் முன் ஏர்பேக் விரியாதது கோளாறு அன்று.

தங்கள் வண்டி புதிய வகையாக இருந்தால் உடைந்த பின்விளக்கையும் எளிதாக எண்ண வேண்டாம். பக்கத்தில் கண்ணுக்கு மறைந்து வரும் வாகனங்களைக் கண்காணிக்கும் ரேடார், சில பிக்கப்களில் பின்விளக்கின் உள்ளேயே இருக்கிறது. வேறு சிலவற்றில் பம்பர் மூலையின் பின்னால் இருக்கிறது. மடங்கிய மூலையைத் தட்டி நிமிர்த்தி, விளக்கை மாற்றி, ரேடாரை மறுபடி நிலைப்படுத்தாமல் விட்டால், அது தவறான திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சட்டம் வளைந்திருப்பது உறுதியானால், பழுது பார்க்கும் முறையில் தாங்கள் விழிப்பாக இருக்க வேண்டும். இன்றைய சேசிஸ்களில் பல உயர்வலிமை எஃகால் ஆனவை. அவற்றைக் கேஸ் தீயால் பழுக்கக் காய்ச்சி அடித்து நேராக்கினால் பார்வைக்கு நேராகும். ஆனால் காய்ச்சிய இடத்தில் எஃகின் வலிமை போய்விடும். அடுத்த முறை சுமை ஏற்றும்போதோ அடுத்த மோதலிலோ அந்த இடம்தான் முதலில் மடங்கும். சேசிஸைப் பிடித்து நிறுத்தும் மேடையில், அளந்துகொண்டே, காய்ச்சாமல் சிறிது சிறிதாக இழுத்து நேராக்குவதே முறை. எந்த இடத்தில் காய்ச்சலாம், எந்த இடத்தில் வெட்டி இணைக்கலாம், எதை முழுவதுமாக மாற்ற வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் பழுது வழிகாட்டி சொல்லும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பது தங்கள் உரிமை. நீளச் சட்டத்தின் மேல் கீழ் விளிம்புகளில் புதிதாகத் துளையிடவோ பட்டை வைத்துப் பற்றவைக்கவோ அனுமதிக்காதீர்கள். வளைவால் வரும் இழுவிசையும் அழுத்தமும் அந்த விளிம்புகளில்தான் உச்சம் பெறுகின்றன. இழுவைக் கொக்கித் தாங்கியை நிமிர்த்தாமல் மாற்றிவிடுங்கள். அதில் இனி ஒரு டிரெய்லரை நம்பி மாட்ட முடியாது. அளவெடுக்கும் வரை வண்டியில் முழுச்சுமை ஏற்றாமலும் எதையும் இழுக்காமலும் இருங்கள். பிழைப்புக்கு இந்த வண்டியையே நம்பியிருக்கும் தங்களுக்கு இது எளிதன்று என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வளைந்த சட்டத்தின் மேல் ஏற்றும் ஒவ்வொரு சுமையும் சிறு வெடிப்பைப் பெரிதாக்கிக்கொண்டே போகும்.

எதிர்த்தரப்பின் காப்பீட்டாளர் பம்பருக்கும் விளக்குக்கும் ஒரு தொகை தந்து உடனே முடித்துக்கொள்ளச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இறுதித் தீர்வு என்று குறிப்பிடும் எந்தத் தாளிலும் அளவுகள் கைக்கு வரும் முன் கையெழுத்திட வேண்டாம். மறைவான சேதம் வெளிப்பட்டால் மதிப்பீட்டைத் திருத்தக் கோரலாம் என்றாலும், முடிந்துவிட்டதாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பிறகு அந்தக் கோரிக்கை மிகவும் கடினமாகிவிடும். சந்தின் நான்கு இடங்களையும், கொக்கித் தாங்கியையும், அளவுகோலை ஒட்டிப் பிடித்தபடி, தேதி பதியும்படி படம் எடுத்து வையுங்கள். பழுது தொடங்கிய பின் அந்தச் சான்று திரும்பக் கிடைக்காது.

இனி தங்கள் தம்பியின் எண்ணம். அவர் கண்ட காட்சியில் பிக்கப் நின்றது, கார் நொறுங்கியது. அதைக் கண்ட யாருக்கும் அந்த எண்ணம் வரும். ஆனால் அவர் குடும்பம் நாளை மோதப்போவது தம்மைவிட இலேசான, மடங்கிக்கொடுக்கும் காராகவே இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? அசையாத சுவரில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் வண்டியை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்பகுதி 60 சென்டிமீட்டர் மடங்கிக்கொடுத்தால், உள்ளே இருப்பவர் மீது சராசரியாகப் புவியீர்ப்பைப்போல் 16 மடங்கு வேகக்குறைப்பு ஏற்படும். 20 சென்டிமீட்டர் மட்டுமே மடங்கினால் அது ஏறத்தாழ 49 மடங்காகும். வண்டி மடங்காமல் இருப்பதன் விலையை உள்ளிருக்கும் உடல் தருகிறது.

2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் நடத்திய சோதனை ஒன்றைத் தம்பிக்குச் சொல்லுங்கள். 1959-ஆம் ஆண்டின் செவ்ரோலெட் பெல் ஏர் காரையும் 2009-ஆம் ஆண்டின் செவ்ரோலெட் மாலிபு காரையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுநர் பக்கமாக நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பெல் ஏர் தனிச் சேசிஸ் மேல் அமைந்த பழைய பெரிய கார். பார்க்கும் எவரும் அதையே உறுதியானது என்பார்கள். மோதலில் அதன் பயணிகள் கூடு குலைந்தது. ஸ்டீயரிங் ஓட்டுநர் பொம்மையை நோக்கி வந்தது. உள்ளே மனிதர் இருந்திருந்தால் உயிர் தப்பியிருக்க மாட்டார் என்பது ஆய்வாளர்களின் முடிவு. மாலிபுவின் முன்பகுதி நன்றாக நொறுங்கியது, கூடு குலையவில்லை, ஓட்டுநருக்குக் காலில் காயம் மட்டும் ஏற்பட்டிருக்கும். புதிய பிக்கப்கள் பலவற்றில் சேசிஸின் முன்னுனியே திட்டமிட்டபடி மடங்குமாறு செய்யப்படுகிறது; கேபினும் வலுவாக்கப்பட்டிருக்கிறது. பிக்கப் வேண்டும் என்றால் அவர் அப்படிப்பட்ட ஒன்றை, மோதல் சோதனை மதிப்பெண்களைப் பார்த்து, நழுவலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பும் பக்க ஏர்பேக்குகளும் உள்ளதாகத் தேடட்டும். இவை இல்லாத பழைய பிக்கப்புக்காக இவை உள்ள காரை விற்பதை நான் ஏற்க மாட்டேன். குழந்தைகளை அதில் ஏற்றிச் செல்லப்போகிறார் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

கடைசியாக, கொக்கி தங்கள் தவறா என்ற கேள்வி. நின்றிருந்த வண்டியில் வந்து மோதியவர் அவர். விபத்துக்குத் தாங்கள் பொறுப்பல்லர். அந்த மனச்சுமையைத் தாங்கள் சுமக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் காரின் பம்பர் விட்டம் தாங்க வேண்டிய விசையை, கொக்கியின் நுனியில் உள்ள எஃகு உருண்டை ஒரே புள்ளியில் ரேடியேட்டருக்குள் செலுத்தியது என்பதும் உண்மை. இரு வண்டிகளின் மோதும் பகுதிகள் வெவ்வேறு உயரத்தில் அமையும் இந்தப் பொருத்தமின்மை பற்றி வாகனத்துறை வெகுகாலமாகவே அறிந்திருக்கிறது. பிக்கப் போன்ற வண்டிகளின் முன்சட்டம் கார்களின் மோதல் பகுதிக்கு மேலே அமைந்துவிடாமல் 2009 செப்டம்பருக்குள் தாழ்த்துவதாக அமெரிக்காவில் விற்கும் தயாரிப்பாளர்கள் 2003-இல் தாமாகவே ஒப்புக்கொண்டதும் அதனால்தான். பின்கொக்கியைப் பொறுத்தவரை அந்த வேலை தங்கள் கையில் இருக்கிறது. தங்களுடையது கழற்றி மாட்டும் வகை என்று எழுதியிருக்கிறீர்கள். டிரெய்லர் இழுக்காத நாட்களில் பூட்டுக்கம்பியை உருவி, உருண்டையும் தண்டும் சேர்ந்த பகுதியை வெளியே எடுத்து, இருக்கைக்குக் கீழே உருளாமல் கட்டி வையுங்கள். பின்னால் வந்து மோதுபவருக்கும் அது நல்லது, தங்கள் சேசிஸுக்கும் நல்லது. இருட்டில் வண்டியின் பின்னால் நடந்து செல்பவரின் முழங்காலும் தப்பும்.

சந்தின் நான்கு அளவுகள், இரு பக்கச் சக்கர இடைத்தூரம், இரண்டு மூலைவிட்டங்கள், அலைன்மென்ட் தாள் ஆகியவை கிடைத்ததும் வண்டியின் வகையையும் ஆண்டையும் குறித்து எனக்கு எழுதுங்கள். அதற்குள் மருத்துவரைப் பார்த்துவிட்டேன் என்ற வரியும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
தங்கள் ஆலோசகர்